பசை போடாத விமானம்

அவர் எதையும் ஒட்ட மாட்டார். ஆணி அடிக்க மாட்டார், திருகாணி முடுக்க மாட்டார், சுவரில் ஓட்டை போட விட மாட்டார். தன் வீட்டில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் வீட்டில் ஓட்டை போடுவதுதான் அவர் பிழைப்பு. ஈப்போ டவுனில் ஒரு சீனர் தளவாடக் கடையில் வேலை. லாரியில் போய் இறங்கி, அட்டைப் பெட்டிகளைப் பிரித்து, பலகை பலகையாகக் கிடப்பதைக் கட்டிலாகவும் அலமாரியாகவும் நிறுத்திவிட்டு, ஆடாமல் இருக்கச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிட்டு வருவார். அப்படிப்பட்ட மனிதர், இறந்துபோன மனைவியின் படத்தை வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்.

எனக்கு அவரைப் பழக்கப்படுத்தியது டயாலிசிஸ் நாற்காலி. டயர் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே ஒரு கடைவீட்டில் எங்கள் மையம். திங்கள், புதன், வெள்ளி, காலை வேளை. ஒரு பக்கம் ரப்பர் வாடை, இன்னொரு பக்கம் பன் வாடை. நடுவில் நாங்கள், மல்லாந்து சாய்ந்து, உடம்பிலுள்ள ரத்தத்தையெல்லாம் ஒரு மெஷினுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்போம். நான்கு மணி நேரம் ஆகும். முடிந்து எழுந்தால் மாடு மிதித்த மாதிரி இருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சாயங்காலம்தான் முழிப்பு. மறுநாள் கொஞ்சம் ஆள் மாதிரி இருப்போம், அதற்கடுத்த நாள் மறுபடியும் போக வேண்டும். நோயைவிட இந்த அலுப்புதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்னும் இருக்கிறது.

அங்கே எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. யாராவது வரவில்லையென்றால் கேட்கக் கூடாது. ஒரு நாற்காலி காலியாக இருந்தால், பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வோம். ஊருக்குப் போயிருக்கலாம், வார்டில் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸும் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் அந்த நாற்காலியில் புதிதாக ஒருவர் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் மெஷினைப் பற்றி அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்போம். இவரும் அப்படித்தான் எனக்கு வலது பக்கத்து நாற்காலிக்கு வந்தார். அதற்கு முன்னால் அதில் யார் இருந்தார் என்று அவரும் கேட்கவில்லை.

கழுத்தில் குழாயோடு வந்தார். புதிதாக வருகிறவர்களுக்கு அப்படித்தான். அவசரத்துக்குக் கழுத்தில் ஒரு குழாயைச் சொருகி வேலையைத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் கையில் சின்ன ஆப்பரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துவிட்டால், கொஞ்ச நாளில் அது தடித்து ஊசி போடத் தோதாகிவிடும். பிறகு கழுத்துக் குழாய் தேவையில்லை. கழுத்துக் குழாய் கிருமிக்குத் திறந்து வைத்த கதவு, அதை நீண்ட நாள் வைத்திருக்கக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மிஸ்ஸியின் வாய் வலித்திருக்கும். என் இடது கையில் செய்து ரொம்ப நாளாகிறது. முழங்கைக்குக் கீழே கயிறு புதைத்த மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். சேலை கட்டினால் நான் முந்தானையை அந்தக் கைமேல் போட்டுக்கொள்வேன்.

அவர் ஆப்பரேஷனுக்குப் போகவே இல்லை. கேட்டால், "எல்லாம் செமந்தாராதான் சிஸ்டர்" என்பார். தற்காலிகம் என்பதற்கு மலாய்ச் சொல். அவர் வாயில் அது வெற்றிலை மாதிரி எப்போதும் இருக்கும். மழை பெய்தால் செமந்தாரா. பெட்ரோல் விலை குறைந்தால் செமந்தாரா. தன் சிறுநீரகம் வேலை செய்யாமல் போனதுகூட அவருக்குச் செமந்தாராதான். சித்தியவானில் யாரோ ஒரு வைத்தியர் வேர் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு முறை டயாலிசிஸுக்கு மட்டம் போட்டுவிட்டு அங்கே போய்க் குடித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல், வெறுங்காலோடு நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார். மிஸ்ஸி திட்டிய திட்டு டயர் கடை வரை கேட்டிருக்கும். அவர் வாங்கிக்கொண்டு, "வீக்கமும் செமந்தாராதான்லா" என்று என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். சிரிப்பதற்கு எனக்குத் தெம்பில்லை, ஆனாலும் சிரித்தேன்.

அந்த விமானத்தை அவர் கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான். ரொட்டிப் பையில் சுற்றிய அட்டைப் பெட்டி. மூடிமேல் நீல வானத்தில் சாய்ந்து பறக்கும் ஒரு விமானப் படம். ஸ்பிட்ஃபயர். சண்டைக் காலத்து வெள்ளைக்காரன் விமானம், பிளாஸ்டிக்கில் பொடிசாகச் செய்தது. உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில் துண்டு துண்டாக இருந்தது. இறக்கை, வால், விசிறி, இரண்டு சக்கரம், கண்ணாடி மூடி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் ஓட்டுநர். எல்லாவற்றையும் வெட்டியெடுத்து நாமேதான் ஒட்டிக்கொள்ள வேண்டும். அது அவர் மகனுடையது. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் ஆசையாக வாங்கி, பிரிக்காமலே அலமாரி மேல் போட்டுவிட்டுப் போய்விட்டான். நான்கு மணி நேரம் சும்மா கிடக்கிறோமே, கை இரண்டும் சும்மாதானே இருக்கிறது என்று எடுத்து வந்தாராம்.

மிஸ்ஸி பெட்டிக்குள் இருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிளேடு கூடாது, பசையும் கூடாது, வாடை மற்றவர்களுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு அதில் வருத்தமே இல்லை. பையிலிருந்து நகவெட்டியை எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து நகவெட்டியால் துண்டுகளை வெட்டுவார், நகம் தேய்க்கும் பட்டையால் ஓரம் தேய்ப்பார், ஒன்றோடொன்று பொருத்துவார், கழன்று விழாமல் இருக்கப் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பைக் கிள்ளி ஒட்டுவார். மெஷின் முடிந்ததும் டேப்பை உரித்து, எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கிவிடுவார். புதன்கிழமை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்.

வீட்டில் பசை போட்டு ஒட்ட வேண்டியதுதானே என்று ஒருநாள் கேட்டேன். ஒட்டினால் ஒட்டினதுதான், அப்புறம் கழற்ற முடியாது என்றார். விமானத்தை எதற்குக் கழற்ற வேண்டும் என்றேன். அவர் வழிகாட்டித் தாளை விரித்துக் காட்டினார். அதில் இரண்டு விதமாகப் படம் போட்டிருந்தது. சக்கரங்களைக் கீழே நீட்டி ஒட்டினால் தரையில் இறங்கி நிற்கும் விமானம். சக்கரங்களை உள்ளே மடக்கி மூடியைப் போட்டு ஒட்டினால் பறக்கும் விமானம். இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும். மகன் எது கேட்பானோ தெரியவில்லை, அவன் வந்து சொல்லட்டும் என்றார். அவர் மகன் தீபாவளிக்குத் தீபாவளி வந்துவிட்டு இரண்டே நாளில் போகிற பிள்ளை. இந்தப் பெட்டியை வாங்கியதே அவனுக்கு ஞாபகம் இருந்திருக்காது.

ஓட்டுநர் பொம்மைக்கு அவர் 'துரை' என்று பெயர் வைத்திருந்தார். தோட்டத்தில் மேனேஜரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தொலைந்துவிடும் என்று துரையை மாத்திரை டப்பாவில், புதன்கிழமைக் கட்டத்தில் போட்டு வைத்திருந்தார். ஒருமுறை மாத்திரையோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டு, கடித்துப் பார்த்துத் துப்பினார். "துரை கசக்குறாரு" என்றார். ஒரு மாதிரி ஆள்தான். யாரையும் அந்தத் துண்டுகளைத் தொட விட மாட்டார். கீழே விழுந்தால்கூட நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது, மெஷின் முடியும் வரை காத்திருந்து அவரே குனிந்து எடுத்துக்கொள்வார்.

அவர் வீட்டுக்கு நான் முதலில் போனது ஒரு மழை நாளில். அவரை ஏற்றிப்போகும் வேன் வரவில்லை. என்னை அழைத்துப்போக வந்த என் வீட்டுக்காரர் அவரையும் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்காரர் ஏர்கோன் பொருத்துகிற வேலைக்காரர், வண்டியின் பின்னால் எப்போதும் ஏணியும் ட்ரில்லும் கிடக்கும். போய் இறங்கிய வீடு செமோர் பக்கம் வரிசை வீடுகளில் ஒன்று. சொந்த வீடு. உள்ளே நுழைந்ததும், இவர்கள் நேற்றுத்தான் குடி வந்தார்களோ, இல்லை நாளைக்குக் காலி செய்கிறார்களோ என்று எனக்கு நினைப்பு வந்தது. கடிகாரம் மேசைமேல் சாய்ந்திருந்தது. காலண்டர் ஜன்னல் கொக்கியில் தொங்கியது. சாமிப் படங்களெல்லாம் ஒரு பெஞ்சில் வரிசையாக நின்றன. டிவி அதன் அட்டைப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், மாலை போட்ட அவர் மனைவியின் படம். பழக்கமில்லாதவர்கள் அந்த நாற்காலியில் உட்காரப் போய்த் தடுமாறுவார்கள். என் வீட்டுக்காரர் தடுமாறினார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு சுவரைக் கண்டால் கை சும்மா இருக்காது. அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல செங்கல் சுவர், வண்டியில் ட்ரில் இருக்கிறது, அஞ்சு நிமிஷத்தில் அந்தப் படத்தை மாட்டிக் கொடுத்துவிடுகிறேன் என்றார். இவரோ அந்த நாற்காலிக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். வேண்டாம் மச்சான், அப்புறம் பார்ப்போம் என்றார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் முகம் மாறிவிட்டது. நாங்கள் காப்பி குடிக்காமல் கிளம்பினோம், டயாலிசிஸ்காரர்கள் காப்பியைக்கூட அளந்துதான் குடிக்க முடியும் என்பது வேறு கதை.

காரணத்தை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, நான் பாதி தூக்கத்தில் இருக்கும்போது, துண்டு துண்டாகச் சொன்னார். நான்தான் சேர்த்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் அவர்கள் செமோருக்கு உள்ளே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்தார்கள். சமையல் கட்டு போதவில்லை என்று அந்த அம்மா கேட்டதற்காகப் பின்னால் இழுத்துக் கட்டினார். கட்டி, தரைக்குச் சிவப்புச் சிமெண்டு போட்டார். அந்த அம்மா தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்தாராம். அந்தச் சிவப்பு காய்ந்து கொஞ்ச நாள்தான், தோட்டத்தை விற்றுவிட்டார்கள், வீடு கட்டப் போகிறார்கள், எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இவர் கூரைத் தகரத்தைக் கழற்றினார், கதவைக் கழற்றினார், ஜன்னலைக் கழற்றினார், லாரி பிடித்து ஏற்றினார். தரையைக் கழற்ற முடியவில்லை.

அவர்களைப் பலகையில் கட்டிய ஒரு நீள வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். ரூமா பாஞ்சாங். வரிசையாக அறைகள், நடுவில் ஒட்டுப் பலகைத் தடுப்பு. வந்த அதிகாரி, ஆறு மாதம்தான், செமந்தாரா என்றாராம். அந்தச் சொல்லை அவர் அன்றுதான் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மகன் அங்கேதான் பிறந்தான், அங்கிருந்தேதான் இடைநிலைப் பள்ளிக்கும் போனான். அதுவரை பெட்டிகளைப் பிரிக்கவில்லையாம், ஆறு மாதத்தில் போகப் போகிறோமே என்று.

"ஒரு நாள் மோட்டர்ல அந்தப் பக்கம் போனோம் தங்கச்சி. வீடு ஒன்னும் கட்டல. எல்லாம் லாலாங் புல்லுக் காடு. நடுவுல எங்க தரை மட்டும் செவசெவன்னு கெடக்கு. அவ செருப்பக் கழட்டிட்டு அது மேல போயி நின்னா. வா, வான்னு கூப்புடுறேன், வர மாட்டேங்குறா."

இதைச் சொல்லும்போது அவர் கையில் விமானத்தின் இரண்டு இறக்கைகளும் இருந்தன. டேப்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். அப்புறம் அவர்களுக்கு இந்தச் சொந்த வீடு கிடைத்தது. சாமிப் படம் வைக்க ஒரு பலகை அடித்துக் கொடுங்கள் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவர் அப்புறம், அப்புறம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஊரெல்லாம் பலகை அடித்துக் கொடுத்தவர் வீட்டில், அந்த அம்மா பெஞ்சுக்கு முன்னால் குனிந்து குனிந்தே விளக்கேற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல்தான் கொஞ்சம் கூடுதல்.

கழுத்துக் குழாய்க்கு விமானம் ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது. கையில் ஆப்பரேஷன் செய்தால் மெஷின் ஓடும்போது அந்தக் கையை அசைக்கக் கூடாது. அப்புறம் ஒற்றைக் கையால் இதை எப்படிச் செய்வது என்று மிஸ்ஸியிடம் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்குக் குறித்துக் கொடுத்த நாளில் போகவில்லை. மறுபடி குறித்துக் கொடுத்தார்கள், மறுபடியும் போகவில்லை. மிஸ்ஸி கடைசியில் திட்டுவதையே விட்டுவிட்டார். மிஸ்ஸி திட்டுவதை நிறுத்தினால்தான் நாங்கள் பயப்படுவோம்.

ஒரு திங்கள்கிழமை மெஷினைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவர் தோள் ஆட ஆரம்பித்தது. குளிர் என்றார். போர்வை கொடுத்தார்கள். போர்வையோடு சேர்ந்து நாற்காலி ஆடியது. பல் தந்தியடித்தது. மடியிலிருந்த விமானம் சரிந்து, டேப் பிய்ந்து, துண்டுகள் தரையெங்கும் ஓடின. என் ஊசிக் கையை அசைக்க முடியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டால் அப்படித்தான் குளிரெடுக்கும். எங்களுக்கெல்லாம் அது தெரியும். மெஷினை நிறுத்தி, ஆம்புலன்ஸ் வந்து, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மிஸ்ஸி முட்டி போட்டு மெஷினுக்கு அடியில் கையை விட்டுத் துண்டுகளைப் பொறுக்கினார். துரையைக் கடைசியாகக் கண்டுபிடித்து, ஊசி வைக்கும் எவர்சில்வர் தட்டில் எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டார்.

புதன்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. எல்லாரும் டிவி பார்த்தார்கள். நானும் பார்த்தேன். மிஸ்ஸி எனக்கு ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டிவிட்டு நகரும்போது, அண்ணன் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. எதிர் வரிசையில் இருந்த ஒருவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். மிஸ்ஸி சற்று நின்று, வார்டில்தான் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார். தட்டிலிருந்த துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்.

நானும் என் வீட்டுக்காரரும் போனோம். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது தொடையில் போட்டிருந்தார்கள். எழுந்து உட்கார முடியாது. கன்னம் ஒட்டி, ஆள் பாதியாகியிருந்தார். டாக்டர் சொன்னதை அவரே சொன்னார். இந்த முறை மருந்து கேட்டுவிட்டது. இன்னொரு முறை கிருமி ஏறினால் இதயத்தில் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கை ஆப்பரேஷனுக்கு இடம் இருக்கிறது, சம்மதமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். "பாப்போம்லா, கொஞ்சம் தேறி வரட்டும்" என்றார் எங்களிடம். நான் கொண்டுபோன பையைப் பிரித்து, துரை இருக்கிறாரா என்று பார்த்தார்.

அன்று எனக்கு டயாலிசிஸ் முடிந்த நாள். நிற்கவே முடியவில்லை. அந்தக் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேச வேண்டும் என்று நினைத்துப் பேசவில்லை, அலுப்பில் வார்த்தை தானாக வந்துவிட்டது.

"எங்கண்ணே போகப் போறீங்க? சொல்லுங்க. எங்க போகப் போறோம் நாம? திங்கள், புதன், வெள்ளி அங்கதான் வந்து உக்காரப் போறோம், சாவுற வரைக்கும். இது செமந்தாரா இல்லண்ணே. இதான் வீடு."

என் வீட்டுக்காரர் என் தோளைத் தொட்டார். நான் நிறுத்திவிட்டேன். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அதிகம் பேசிவிட்டோமோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. கிளம்பலாம் என்று திரும்பும்போது, வலித்ததா என்று கேட்டார். என் கையைத்தான் கேட்டார். நான் முந்தானையை விலக்கி இடது கையை நீட்டினேன். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இணைத்த இடத்தில் ரத்தம் ஓடும் அதிர்வு தோலுக்கு மேலேயே தெரியும். அவர் இரண்டு விரலை வைத்தார். எடுக்காமல் ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

"ஓடுதுலா" என்றார். "மோட்டர் மாரி ஓடுது."

அந்த வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன் செய்துகொண்டார். அவர் இடது கைக்காரர், அதனால் வலது கையில் செய்தார்கள். பழையபடி கழுத்தில் ஒரு குழாயோடு எங்களிடம் திரும்பி வந்தார். கை தடித்து வரும் வரை ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு நாளும் வந்ததும் கையை என் காதுக்கு நேரே நீட்டி, ஓடுகிறதா பார் என்பார். அந்தக் கையால் அதற்குப் பிறகு அவர் மூன்று தீபாவளி பார்த்தார். அப்புறம் ஒருநாள் தூக்கத்திலேயே இதயம் நின்று இறந்துபோனார். அதை நான் மிஸ்ஸியிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை, அவர் மகன் என் வீட்டுக்காரருக்கு போன் செய்து சொன்னான். ஆனால் நான் சொல்ல வந்தது அதையல்ல.

கையில் முதன்முதலாக ஊசி போட்ட நாளைச் சொல்ல வேண்டும். வலது கை நாற்காலியின் அந்தப் பக்கம் அசையாமல் கிடந்தது. இடது கையால் விமானத்தின் உடலைத் தொடைகளுக்கு நடுவே நிறுத்தி, இறக்கையைச் சொருகப் பார்த்தார். நழுவியது. வயிற்றில் வைத்துப் பார்த்தார். அதுவும் நழுவியது. நான் அரைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடக் கூடாது என்பது தெரியும், அதனால் கையை நீட்டவில்லை.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் பிடி" என்றார்.

எனக்கு ஊசி இடது கையில், அவருக்கு வலது கையில். இரண்டு நாற்காலிக்கும் நடுவில் என் வலது கையும் அவர் இடது கையும் மட்டும்தான் சும்மா இருந்தன. நான் உடலைப் பிடித்துக்கொண்டேன், அவர் இறக்கையை அழுத்தினார். உட்கார்ந்தது. டேப்பை நான் இழுக்க அவர் கிழித்தார். மெஷின் முடிந்ததும் எப்போதும் போலக் கழற்றப் போகிறார் என்று பார்த்தேன். அவர் கழற்றவில்லை. டேப்போடு அப்படியே பெட்டியில் வைத்தார்.

அடுத்த வாரம் பெட்டி வரவில்லை. வீட்டில் ஒட்டிவிட்டேன் என்றார். மகன் சொன்னானா என்று கேட்டேன். அவனிடம் கேட்கவில்லை என்றார். அப்படியானால் சக்கரத்தை நீட்டித்தான் ஒட்டியிருப்பார், எங்கும் போகப் போவதில்லை என்றுதானே நான் கத்தினேன் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். சக்கரத்தை உள்ளே மடக்கிவிட்டாராம். அப்படியென்றால் விமானம் மேசையில் நிற்காதல்லவா என்றேன்.

"நிக்காது. தொங்கத்தான் விடணும். மச்சானை ட்ரில் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போனோம். விமானத்தைக் கையில் கொடுத்தார். நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பசை வழிந்து இறக்கையில் அவர் விரல் ரேகை பதிந்திருந்தது. வட்டமான ஸ்டிக்கர் கோணலாக உட்கார்ந்திருந்தது. கண்ணாடி மூடி பசைப் புகையில் வெளுத்துப்போய், உள்ளே துரை இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. இனி ஒன்றும் செய்ய முடியாது, உள்ளே மாட்டிக்கொண்டார் என்று அவரே சிரித்தார்.

என் வீட்டுக்காரர் ஏணியில் ஏறினார். கூரையில் ஓட்டை போடும்போது தூள் கொட்டும் என்று, இவர் நாற்காலியிலிருந்த படத்தை எடுத்து மார்போடு அணைத்து, துண்டால் மூடிக்கொண்டார். ட்ரில் சத்தத்துக்குக் கண்ணை இறுக்கிக்கொண்டார். அவர் எத்தனை வீட்டில் அந்தச் சத்தத்தைப் போட்டிருப்பார் என்று நான் நினைத்தேன். கொக்கி மாட்டி, தூண்டில் நரம்பில் விமானத்தைக் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்து தொங்கியது. என் வீட்டுக்காரர் தலையெல்லாம் வெள்ளைத் தூளோடு இறங்கி, ட்ரில்லைப் பெட்டியில் வைக்கப் போனார்.

"மச்சான், அதை உள்ள வைக்காதீங்க."

படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வாசலுக்கு எதிர்ச் சுவரில் இடது கை விரலை வைத்தார். இங்கே என்றார். என் வீட்டுக்காரர் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டை போட்ட பிறகு மாற்ற முடியாது என்றார். மாற்ற வேண்டாம் என்றார் அவர். ட்ரில் மறுபடியும் ஓடியது. செங்கல் தூள் சிவப்பாகச் சுவரில் வழிந்து தரையில் கொட்டியது. திருகாணி இறங்கியதும் அவரே படத்தை வாங்கி மாட்டி, மாலையைச் சரிசெய்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். இத்தனை வருஷமும் அந்த அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. துண்டால் அதைத் தட்டிவிட்டு அதில் உட்கார்ந்து, மேலே தொங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஃபேனைப் போடு தங்கச்சி" என்றார்.